கரட்டின் சாட்சி

ஓர் ஊரில் ஒரு கரடு இருந்தது. இப்போது இருக்கிறதா, இல்லையா என்பதுதான் வழக்கு.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் பெரிய முதலாளி அந்தக் குன்றில் கல்குவாரி தொடங்க வந்தபோது, அடிவாரத்துப் பதினான்கு வீட்டாரும் வண்டியை மறித்தார்கள். அவர் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்: “கரடு நிக்கற வரைக்கும் வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை உண்டு.” கல் தீரும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. ஆண்கள் துளை போட்டார்கள், உடைத்தார்கள். ஆண் இல்லாத வீட்டிலிருந்து வந்த பாவாயி அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றினாள்.

கரடு தரைமட்டமானது. தரை பள்ளமானது. அறுபதடிக்குக் கீழே நல்ல கல் இல்லை, ஊற்றுதான் வந்தது. இரண்டு மாடுகள் விழுந்து செத்தன. நடுவில் ஒரு கல்தூண் மட்டும் பழைய உயரத்தில் நின்றது. எவ்வளவு வெட்டியிருக்கிறது என்று அளந்துபார்க்க விட்டுவைத்தது அது. சாட்சி என்பார்கள்.

பெரியவர் இறந்தபின் மகன் சென்னியப்பன் குவாரியை மூட வந்தான்.

“கரடு தீந்துபோச்சு. அப்பா வார்த்தையும் தீந்துபோச்சுப்பா.”

துளை போட்டே காது பாதி போன ராக்கியப்பன் தூணைக் காட்டினான். “அப்ப அது என்னங்க?”

“அது காக்கா உக்கார்ற தூணு.”

“காக்காய்க்குத் தெரியுது கரடுன்னு. உங்களுக்குத் தெரியலீங்களே.”

சென்னியப்பனுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. “சரி ராக்கியா. கரடு நிக்குது, நான் வேலை குடுக்கணும். குடுத்துட்டேன். போய் அதை உடை.”

ராக்கியப்பன் அசையவில்லை. உடைத்தால் கரடு இல்லை. மறுத்தால், கொடுத்த வேலையை வேண்டாம் என்றவன் ஆவான். பதினான்கு வீடும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

உடைப்பதா, மறுப்பதா? அவன் எதைச் செய்தால் சரி?

விடை: இரண்டும் இல்லை. பாவாயிதான் சொன்னாள். “பெரிய மொதலாளி வேலைன்னுதானுங்க சொன்னாரு. உடைக்கற வேலைன்னு சொல்லலை. நான் ஒரு கல்லாவது உடைச்சிருக்கறனா?” பள்ளத்தில் மாடு விழாமலும் தூணை யாரும் தொடாமலும் காவல் இருப்பதும் வேலைதான். சென்னியப்பன் தலையாட்டினான். ஆனால் காவலுக்கு ஓர் ஆள் போதும். முறை போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குப் பதினான்கு நாளைக்கு ஒரு நாள் வேலை. மிச்சமிருந்த கரட்டுக்கு அவ்வளவுதான் வந்தது.