நீர்க்காகம் ஏற்றிய சவாரி

ஏரியின் நடுவில் ஒரு மண்திட்டு. திட்டில் ஒரே ஓர் இலுப்பை மரம். அதன் பொந்தில் வரிச்சி என்ற அணில் மூன்று குட்டிகளை வைத்திருந்தது. இன்னும் கண் திறக்காத குட்டிகள்.

திட்டில் இரை போதாது. தினமும் காலையில், பை போன்ற பெரிய அலகுள்ள நீர்ப்பறவையான கூழைக்கடாவின் முதுகில் ஏறி வரிச்சி கரைக்கு வரும். வயிறு நிறைந்ததும் அப்படியே திரும்பும்.

அந்த ஏரியில் யாரும் நினைத்தவுடன் சவாரி ஏற்றிவிட முடியாது. காய்ந்த மண்ணுருண்டையை முதுகில் வைத்துக்கொண்டு பத்து முறை பறந்து இறங்கிக் காட்ட வேண்டும். உருண்டை நனையக் கூடாது. கொக்கு நின்று பார்க்கும். அது தலையாட்டினால்தான் சவாரி.

அன்று வரிச்சியைக் கரையில் இறக்கிவிட்ட பிறகு கூழைக்கடாவின் இறக்கையில் முள் குத்திவிட்டது.

"என் தங்கச்சி வடகரையிலேருந்து வந்துக்கிட்டிருக்கா. அவ கொண்டுபோய் விடுவா. கொஞ்சம் பொறு வரிச்சி" என்றது.

வரிச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் பொந்துக்குள் தண்ணீர் இறங்கும். பசியோடு நனைந்தால் குட்டிகள் பிழைக்காது.

பக்கத்துப் பட்டமரத்தில் கரியான் என்ற நீர்க்காகம் இரண்டு சிறகையும் அகல விரித்து நின்றது. எப்போது பார்த்தாலும் அப்படித்தான் நிற்கும். அது ஏன் என்று வரிச்சிக்கு நெடுநாளாக ஓர் ஆவல்.

"ஏன் தம்பி, நாள் பூரா சிறகை விரிச்சுக்கிட்டே நிக்கிறியே. பறக்கப் பழகுறியா?"

கரியான் ஒரு கணம் தயங்கியது. "பழகுறதெல்லாம் எப்பவோ முடிஞ்சுதுக்கா. இது சும்மா, சிறகு மரத்துப்போகாம இருக்க."

"கூழைக்கடாவைவிட வேகமாப் போவியா?"

"அது தூங்கிக்கிட்டே பறக்கும். நான் போனா உனக்குத் திட்டு கண்ணு முன்னால நிக்கும்."

"கொக்கு பாத்துச்சா?"

"கொக்குக்கு என்னக்கா தெரியும்? ஒத்தக் கால்ல நிக்கத்தான் லாயக்கு."

வரிச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில், கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பதே அதற்கு உறைக்கவில்லை.

"ஏறாதே வரிச்சி!" என்று கத்தியது கூழைக்கடா. "அவன் ஒரு உருண்டையைக்கூடத் தூக்கினதில்லை."

"உருண்டைக்குக் கையா காலா? எனக்கு நாலு கால் இருக்கு, இறுக்கிப் பிடிச்சுக்குவேன்" என்றது வரிச்சி. ஏறிக்கொண்டது.

கரியான் நன்றாகத்தான் பறந்தது. காற்று காதில் சீறியது. மேலிருந்து பார்த்தால் தன் மரம் ஒரு பச்சைக் குமிழ் போல இருப்பதை வரிச்சி வியந்து பார்த்தது.

"வந்துட்டோம் தம்பி. மரத்துல இறங்கு."

"இவ்வளவு அடர்ந்த மரத்துல எனக்கு இறங்க வராதுக்கா. தண்ணியிலதான் இறங்குவேன்."

கூழைக்கடாவும் தண்ணீரில்தானே இறங்குகிறது என்று வரிச்சி நினைத்துக்கொண்டது.

ஆனால் கூழைக்கடா தக்கை போல மிதக்கும். நீர்க்காகமோ உடம்பை அமிழ்த்தித்தான் நீந்தும்; கழுத்து மட்டுமே வெளியே தெரியும். இறங்கிய வேகத்தில் வரிச்சியின் தலைவரை தண்ணீர் ஏறியது. அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரு கெண்டை மின்னியது. கரியான் ஒன்றும் யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து செய்வதைச் செய்தது. முங்கிவிட்டது.

வாயில் கெண்டையோடு வெளியே வந்தபோது முதுகில் யாரும் இல்லை.

பத்தடி தள்ளி வரிச்சி தத்தளித்துக்கொண்டிருந்தது. மீனை உதறிவிட்டுக் கரியான் எழும்பப் பார்த்தது. ஈரச் சிறகு எழும்ப விடவில்லை; நீந்திப் போனாலும் அமிழ்ந்த முதுகில் ஏற்ற முடியாது. நாளெல்லாம் அது சிறகை எதற்காக விரித்து நின்றது என்பது வரிச்சிக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? மூக்குவரை தண்ணீர்.

அப்போது ஒரு பெரிய அலகு வந்து அதைத் தண்ணீரோடு அள்ளியது. வடகரைத் தங்கச்சி. கூழைக்கடா சொன்னபடியே கரைக்கு வந்து, பின்னாலேயே பறந்து வந்திருந்தது.

மரத்தடியில் வரிச்சியை இறக்கிவிட்டபோது முதல் தூறல் விழுந்தது. இருமிக்கொண்டே ஏறி, பொந்தின் வாயைத் தன் முதுகால் அடைத்துக்கொண்டது. உள்ளே மூன்று வாய்கள் பாலைத் தேடின.

கீழே தண்ணீரிலிருந்து கரியான் கேட்டது: "நான் நல்லாத்தானேக்கா பறந்தேன்?"

"நல்லாத்தான் பறந்தே தம்பி" என்றது வரிச்சி. "கொண்டுவந்து சேத்தது யாரு?"

தனக்குப் பறக்கத் தெரியும் என்பதை மட்டும் நம்பிப் பிறரை முதுகில் ஏற்றுகிறவன், அவர்களுக்காக வீட்டில் காத்திருப்பவர்களையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளுகிறான்.