நெருப்புக் கக்கும் காரில் மாப்பிள்ளை அழைப்பு

லோகு வாயைத் திறந்தால் மூடுவதற்குத் தனியாக ஆள் போட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கணபதிப் பகுதியில் அந்தோணி அண்ணனின் மெக்கானிக் ஷெட்டில் அவன் வாயைத் திறந்தபோது அப்படி யாரும் இல்லை. தப்பு எங்களுடையதுதான்.

விஷயம் இதுதான். எங்கள் கூட்டாளி தரணிக்குக் கல்யாணம். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளையை எந்தக் காரில் உட்கார வைப்பது என்று முடிவு பண்ண அவன் அக்கா சுகந்தியே நேரில் வந்திருந்தார். வாடகைக்கு ஒரு வெள்ளைக் கார் பேசி வைத்தாயிற்று. ஆனால் லோகுவுக்கோ தன் கார்தான் போக வேண்டும். மூன்று வருஷமாக அந்தப் பழைய காரைக் கழற்றி மாட்டி, அரிசிப்படி அகலத்துக்குச் சைலன்சர் வைத்து, "பின்னாடி தீ வரும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். வந்ததை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஊர் பார்க்க ஒரே ஒரு தடவை மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் பிறந்த பயன் கிடைத்துவிடும் என்பது அவன் நினைப்பு.

"அக்கா, சும்மா காருன்னு நெனச்சுராதீங்க," என்று ஆரம்பித்தான். "ஆக்சிலரேட்டர அழுத்தி மிதிச்சுட்டு டக்குனு காலை எடுத்தா, மிச்ச பெட்ரோல் சைலன்சருக்குள்ள போயி வெடிக்கும். படார்! அப்புறம் தீ. போன மாசம் பாலக்காட்டு ரோட்டுல போறேன், பின்னாடி பைக்ல வந்தவன் அந்தத் தீயிலயே சிகரெட் பத்த வெச்சுட்டு, தேங்க்ஸ் சொல்லிட்டுப் போறானுங்க்கா."

"ஓடற வண்டியிலயா?" என்றான் தரணி.

"நூத்தியிருவதுல, மாப்ள. அவன் ஹெல்மெட்டக்கூடக் கழட்டல."

அந்தோணி அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் காரைப் பார்த்தார். அது எண்பதைத் தொட்டாலே கதவு தனியாக ஆடும்.

"அதாச்சும் பரவால்லைங்க. வாளையார்ல நிறுத்தியிருந்தேன். பின்னால சோளக்கருது விக்கறவரு தள்ளுவண்டி. கெளம்பறப்ப ஒரே படார். வண்டியில இருந்த கருது பூரா ஒரே பதமா வெந்து நிக்குது. உப்பும் மொளகாப்பொடியும் தடவுனது மட்டுந்தான் அவரு வேலை. நாளைக்கும் வாங்க தம்பின்னு கையப் புடிச்சுக்கிட்டாரு."

"கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பான்," என்றார் அந்தோணி அண்ணன்.

"நெய் வடிஞ்சா அதையும் காச்சிக் குடுப்பேண்ணா. அன்னூர்ப் பக்கம் ஒரு ஊருல தேர் நோம்பி. வேட்டுப் போட்டாத்தான் வடம் புடிப்பாங்க, தெரியுமல்ல? நான் அதுக்கு மொத நாளு அந்த வழியாப் போனேன். ஒரு படார்தான். வேட்டுப் போட்டுட்டாங்கன்னு ஊரே ஓடியாந்து தேரை இழுத்துருச்சு. பாதி வீதி போன பொறவு பூசாரி ஈரத்துண்டோட ஓடி வர்றாரு, 'சாமி இன்னும் உள்ள தூங்குதுடா, வெறுந்தேரை எங்கடா இழுக்கறீங்க'ன்னு!"

நாங்கள் சிரித்தோம். சுகந்தி அக்கா சிரிக்கவில்லை. சிரிக்காத ஆள் நம்புகிற ஆள் என்று லோகு எடுத்துக்கொண்டான். அதுதான் வினை.

"தடாகம்ங்கற ஊருல ஒத்தை ஆனை வாழத்தோப்புல பூந்துருச்சுங்க்கா. பாரஸ்ட்காரங்க மூட்டை மூட்டையா பட்டாசு வெடிச்சும் நகரல. என்னையக் கூப்புட்டாங்க. வண்டியத் திருப்பிப் பின்பக்கத்தக் காட்டி, ஒரே படார். போனது கேரளா எல்லையத் தாண்டி நின்னுச்சு. இப்ப ஏதோ கோயில்ல நெத்திப்பட்டம் கட்டிட்டு வேலை பாக்குது. ஊருக்கு வரச் சொன்னா, 'லோகு கார வித்துட்டானா'ன்னு கேக்குதாம்."

"யாரு, ஆனையா?"

"பின்ன, பாகனா கேப்பான்? முந்தாநேத்து இன்னும் மோசம். தீ வந்த வேகத்துல வண்டி தரைய விட்டே எந்திரிச்சுருச்சு. ஏர்போர்ட்ல இருந்து போன் பண்றான். 'சென்னை பிளைட் எறங்கோணும், நீங்க ரெண்டு ரவுண்டு சுத்திட்டு வாங்க'ங்கறான்."

சுகந்தி அக்கா மெதுவாகக் கேட்டார். "எல்லாம் நெசமா, தம்பி?"

"எங்கம்மா மேல சத்தியமுங்க்கா."

"செரி. மாப்பிள்ளை அழைப்புல காருக்குப் பின்னாடி யாரு நடந்து வருவாங்க?"

காருக்கு முன்னால் பேண்டு வாத்தியம் வரும் என்பது வரைக்கும்தான் லோகு யோசித்திருந்தான்.

"பொண்ணு வூட்டுப் பொம்பளைங்க. நாப்பது பேரு, பட்டுச்சேலை கட்டிட்டு, கையில சீர்த்தட்டோட. இவன் மாமியா மொத வரிசை. கருது வண்டியவே வேக வெச்சவன் நீ."

வாடகை வெள்ளைக் கார் லோகுவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும்.

"அக்கா, அத்தனையும் புளுகுங்க்கா! இதுநா வரைக்கும் தீயே வந்ததில்லை. ரெண்டு தடவை டுப்புனு ஒரு சத்தம் வந்துச்சு, அதுவும் அண்ணன் பிளக்கு மாத்துனதும் நின்னுருச்சு. சத்தியமா!"

எங்களுக்குத் தெரிந்து அவன் பேசிய முதல் உண்மை அது. பாவமாகக்கூட இருந்தது.

"வானத்துல ரெண்டு ரவுண்டு சுத்துனவன் நீ. இத்தனையும் புளுகுனவன், இது மட்டும் நெசம்னா நான் நம்போணுமாக்கும்?" அக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "ஆசைப்பட்டுட்ட, உன்ற கார்லயே போலாம். ஆனா எஞ்சின் ஓடக்கூடாது. அந்தோணி, டாங்குல இருக்கற பெட்ரோலப் பூரா எறக்கிருங்க. கூட்டாளிக எல்லாருஞ் சேந்து மண்டபம் வரைக்கும் தள்ளிட்டு வாங்க."

தள்ளினோம். வழியெல்லாம் மேடு. உள்ளே மாப்பிள்ளை மாலையோடு நெளிந்துகொண்டிருந்தான். லோகு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் கையாட்டினான். எங்களுக்குப் பின்னால் வந்த தரணியின் மாமியார், "ஏங்கண்ணு, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

கல்யாணம் முடிந்த மறுவாரம், தோள்பட்டையில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். லோகு யாரோ புது ஆளை உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"தீ வர்றதெல்லாம் பழைய கதைங்க. போன வாரம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. எஞ்சின் போடல, டாங்குல சொட்டுப் பெட்ரோல் இல்ல. கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும் மேட்டுல ஓட்டிட்டுப் போனேன். நம்பிக்கை இல்லைன்னா, இதோ, இவனையே கேளுங்க. பூரா வழியும் பின்னாடியேதான் வந்தான்."