'சாரி' பிறந்த இடம்

முன்னொரு காலத்தில், மிளகு வாங்க வெள்ளைக்காரர்கள் கப்பலில் வந்த நாளில், ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொன்னால் எனக்குத்தான் வம்பு.

ஒருநாள் கப்பல் துரை தெரியாமல் ராஜாவின் காலை மிதித்துவிட்டு, "சாரி" என்றார். அவர்கள் பாஷையில் மன்னிப்புக் கேட்கிற சொல்லாம். ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அடேயப்பா, அப்புறம் கேட்க வேண்டுமா! சமையற்காரன் மேல் சூடான ரசத்தைக் கவிழ்த்தால் சாரி. பல்லக்குத் தூக்கிகளை உச்சி வெயிலில் நிறுத்திவிட்டு அரட்டை அடித்தால் சாரி. சொல்லிவிட்டால் தீர்ந்தது.

சபையே சிரித்தது, விகடகவி மயிலேறியைத் தவிர. தளவாய் கேசவராயருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவன் சிரிக்காததைச் சாக்காக வைத்து எழுந்தார்.

"அரசே! இச்சொல்லின் பொருள், பிறப்பிடம், பயன்பாடு மூன்றையும் மயிலேறி நாளை சபையில் காட்டட்டும். இயலாவிட்டால் நாட்டைவிட்டு வெளியேறட்டும்."

"நன்று! வாயால் அளக்கக் கூடாது. கண்ணால் காண வேண்டும்" என்றார் ராஜா.

மயிலேறி உடனே கிளம்பினான். அரண்மனைப் பல்லக்கில் ஏறித் துறைமுகத்துக்கு விரைந்து துரையைக் கேட்டான். மறுநாள் பல்லக்குத் தூக்கி சடையாண்டியோடு சபைக்கு வந்தான்.

"அரசே, புண்ணைக் குறிக்கும் அவர்களது பழஞ்சொல்லிலிருந்து இது பிறந்ததாம். பிறப்பிடம் இதோ."

சடையாண்டியின் தோள்துண்டை விலக்கினான். பல்லக்குத் தண்டின் அகலத்துக்குத் தோல் உரிந்து, புண் சீழ் வைத்திருந்தது.

"சபையில் என்ன அசிங்கம் இது!" என்று கத்தினார் தளவாய்.

ராஜா அவரைக் கையமர்த்தினார். "எத்தனை நாளாக?"

"பங்குனியிலருந்து, மகராசா. எறங்கறப்பல்லாம் நீங்க என்னமோ சொல்லுவீங்களே, மருந்துப் பேருன்னு நெனச்சு வைத்தியர்கிட்டகூடக் கேட்டேன். அவருக்கும் தெரியலை."

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. வெட்கத்தில் யாரையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. மயிலேறி மெல்ல ஒரு கண்ணாடியை நீட்டினான்.

"பொருள் இதில் தெரிகிறது, அரசே."

ராஜா முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். மயிலேறி வாங்கவில்லை.

"நேற்று இவன் தோளில்தான் போனேன். துண்டில் ரத்தத்தைப் பார்த்தபோது நானும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். எனக்கும் வெட்கமாக இருக்கிறது, அரசே."

"பயன்பாட்டைக் காட்டவில்லையே!" என்றார் தளவாய், விடாமல்.

"அதை அரசர்தான் காட்ட வேண்டும்."

ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கினார். வைத்தியரை வரவழைத்து அவரிடமிருந்து களிம்பை வாங்கித் தம் கையாலேயே அந்தத் தோளில் தடவினார்.

சடையாண்டிதான் தயங்கிக் கேட்டான். "மகராசா, இன்னிக்கு அந்த வார்த்தையச் சொல்லலியே?"

ராஜா சிரிக்கப் பார்த்தார். அழுகைதான் வந்தது.