பூசணிக்குப் போட்ட பலகை

மலையடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குரு உலகம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தால், உபதேசம் கேட்க வந்தவரும் உட்கார்ந்து கீரை ஆய வேண்டும். ஆய்ந்து முடிவதற்குள் பாதிப் பேருக்குக் கேள்வியே மறந்துபோகும்.

அன்று சீடர் பேச்சிமுத்து வந்தார். கீரையைத் தொடவில்லை. நின்றபடியே கண்ணைத் துடைத்தார்.

குருவைவிடச் சீடர் வயதில் மூத்தவர். ஆனாலும் அவருக்கு அம்மையார் தாயே. அம்மையாருக்கு அவர் அண்ணாச்சி.

"பூசணி வாடுது தாயே. எவனோ கண்ணு வச்சிட்டான்."

"எந்தப் பூசணி?"

"ஆவுடை போட்ட பூசணி."

அம்மையாரின் கை நின்றது. ஆவுடை பேச்சிமுத்துவின் ஒரே மகள். வயிற்றுப் பிள்ளையோடு தகப்பன் வீட்டுக்கு வந்தவள், வளைகாப்புக்கு ஒரே காயில் ஊருக்கே கூட்டு வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அண்டா அளவுக்குக் காய்க்கிற ராட்சசப் பூசணி விதையைக் கொல்லையில் ஊன்றினாள். விதை தங்கியது. பாவம், பிள்ளை தங்கவில்லை. அன்றைக்கு உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் இன்னும் வெளியே வரவில்லை.

"அதுவும் போச்சுன்னா என் பிள்ளை தாங்கமாட்டா தாயே."

"வாங்க, போய்ப் பாப்போம்."

கொல்லையில் கண்ணேறுக்கு எதிராக ஒரு படையே நின்றது. பழைய செருப்பு, தேய்ந்த விளக்குமாறு, கரி பூசிய பானை. நடுவில் காய் குடத்தளவோடு நின்றுபோயிருந்தது. இலையெல்லாம் மஞ்சள்.

பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பார்கள். வேலிப் பக்கம் யார் வந்தாலும் பேச்சிமுத்து ஓடிப்போய், "விரலை மடக்குலே!" என்று அதட்டுவார். அடேயப்பா, அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் விரல் நீட்டத் தைரியம் கிடையாது.

"பகல் பூரா காவல் தாயே. கொடியச் சுத்திச் சுத்தி வாறேன். தண்ணிக்கும் குறைவில்ல. ஊத்துனா அப்படியே தேங்கி நிக்கும்."

"தேங்கி நிக்குதா? ஒரு கடப்பாரை எடுத்துத் தாங்க."

அம்மையார் கொடியருகே குத்தினார். டங்கென்றது. ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. வேலியோரம் போய்க் குத்தினார். முழங்கை ஆழம் இறங்கிற்று.

"இங்க யாரு நடக்கா?"

"யாரும் நடக்கல தாயே."

"அங்க, கொடிகிட்ட?"

பேச்சிமுத்து தன் பாதங்களைப் பார்த்தார்.

"பாசத்துலதானே தாயே நடந்தேன்?"

"வேருக்கு அது தெரியாது அண்ணாச்சி. மண்ணுக்குள்ள காத்து போகணும், அதுதான் அதுக்குத் தெரியும்."

"அப்போ மம்பட்டிய வச்சு ஒரே கொத்தாக் கொத்தி விட்டுரட்டுமா?"

"நல்லாருக்கே! இருக்கிற வேரும் அறுந்துபோகும்."

அம்மையார் மண்டியிட்டார். ஒரு கம்பியால் தண்டைவிட்டுத் தள்ளி அங்கங்கே துளை போட்டார். துளைகளில் மக்கிய இலைத்தூளையும் கடலைத் தொலியையும் இட்டார். பிறகு, மாட்டுத்தொழுவில் கிடந்த பழைய கதவுப் பலகையை இழுத்துவந்து மண்மேல் போட்டார்.

"பாக்கணும்னு தோணுனா இதுமேல நின்னு பாருங்க. பாரம் ஒரே இடத்துல அமுக்காது."

சில வாரம் கழித்துப் பேச்சிமுத்து மடத்துக்கு வந்தார். கேட்காமலே உட்கார்ந்து கீரைக்கட்டை எடுத்தார்.

"கொடி தளுத்துட்டு தாயே. காய இப்போ ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிக்க முடியல."

"சந்தோசம். ஆவுடை பாத்தாளா?"

அவர் முகம் வாடியது. "எங்க பாத்தா? நானும் என்னதான் செய்யல? சாப்பிட்டியா, தூங்குனியா, ஏன் அழுத, எந்திரிம்மா, வந்து பூசணியப் பாருன்னு வாசல்லயே நிக்கேன். துக்கம் கேக்க வந்தவளையெல்லாம் விரட்டி விட்டுட்டேன். ஒரு நேரம் அவளத் தனியா விடல. நேத்து கதவ அடைச்சுத் தாப்பாளும் போட்டுட்டா."

அம்மையார் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

பேச்சிமுத்துவின் கை மெல்ல நின்றது. குனிந்து மறுபடியும் தன் பாதங்களைப் பார்த்தார்.

"பக்கத்துல போகாம என்னால இருக்க முடியாது தாயே. பெத்த மனசு கேக்காது. அங்க நான் எந்தப் பலகையப் போடுவேன்?"

அம்மையார் ஆயாத கீரைக்கட்டு ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"போகாம எப்படி இருப்பீங்க? இதக் கொண்டுபோங்க. அவ வாசல்ல உக்காந்து ஆயுங்க. ஒண்ணும் கேக்காதீங்க. பாதிக் கீரைய அவ கைக்கு எட்டுற இடத்துல வச்சிருங்க."

"கதவத் திறந்து அவளும் எடுத்து ஆய்ஞ்சான்னா? அப்போ என்ன சொல்லட்டும் தாயே?"

"முத்துன காம்ப ஒதுக்கிப் போடச் சொல்லுங்க அண்ணாச்சி."