கட்டைவிரல் திருநீறு

சடையப்ப சுவாமிகளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவருடைய வலது கட்டைவிரலில் ஓர் எலுமிச்சம்பழம் மாட்டியிருந்தது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிடுவதாக இருந்தது.

மடத்துக்கு வருகிறவர்களுக்கு அந்த விரலால்தான் அவர் திருநீறு பூசுவார். என் மனைவி சாகக் கிடந்தபோது வீட்டுக்கே வந்து பூசியதும் அந்த விரல்தான்.

விரல்நுனி வீங்கியபோது நகச்சுற்று என்றே எல்லோரும் நினைத்தோம். சீடர் ஆவுடையப்பன் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து, மஞ்சளும் உப்பும் வைத்து மாட்டிவிட்டார். வீக்கம் வற்றவில்லை. இருமலும் சேர்ந்துகொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். விரலின் எலும்பு அரித்துப்போயிருந்தது. புற்று இருந்த இடம் நுரையீரல். அங்கிருந்து கைக்கு இறங்குவது மிகவும் அபூர்வம் என்றார் டாக்டர். இனி குணமாக்க வழியில்லை. வலிக்காக விரலை மட்டும் எடுக்கலாம் என்றார்.

ஆவுடையப்பன் சுவாமிகளைவிட வயதில் மூத்தவர். அதனால் குருவே சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்.

"நோய் இன்னதுன்னு தெரிஞ்ச பிறகும் எதுக்கு சாமி இந்தப் பழம்?" என்று கேட்டேன்.

"காலையில அண்ணாச்சி மாட்டிவிட்டார். வேண்டாம்னு சொன்னா அவர் சாப்பிட மாட்டார்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் குறுக்கிட்டார். "பழத்தை மாட்டி மாட்டி நாளைக் கடத்திட்டேனே, சாமி."

"எலுமிச்சம்பழத்துக்கு என்ன தெரியும், பாவம். விடுங்க."

சுவாமிகள் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது.

"எத்தனை நெத்தியைத் தொட்ட விரல் சாமி," என்றார் ஆவுடையப்பன். "நெஞ்சுல வந்தது அங்கேயே கிடக்கக் கூடாதா? இந்த விரலுக்கு எதுக்கு வரணும்?"

"நான் பூசிவிட்டவங்க யாருக்கும் நோய் வரலையா?"

"வந்துச்சு."

"யாரும் சாகலையா?"

ஆவுடையப்பன் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அப்பல்லாம் ஏன் அண்ணாச்சி கேக்கல?"

பிறகு ஆவுடையப்பன், கேட்க வந்ததைக் கேட்டார்.

"நாளையிலிருந்து எனக்கு யார் சாமி பூசுவா?"

சுவாமிகள் பழத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். மரத்தில் கடைந்த திருநீற்று மரவையை இடது கையால் ஆவுடையப்பன் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல எனக்குப் பூசுங்க."

"ஐயோ சாமி, எனக்கு என்ன தகுதி இருக்கு?"

"நாளைக்கு எனக்கு விரலே இருக்காது. தகுதியைப் பேசிக்கிட்டு இருக்கீங்க."

சுவாமிகள் தலையைத் தாழ்த்தினார். ஆவுடையப்பன் திருநீற்றைத் தொட்டு அவசரமாகப் பூசினார். பாதி நெற்றியிலும் பாதி மூக்கிலும் விழுந்தது. பதறிப்போய்த் தன் கட்டைவிரலில் மிஞ்சியதை வேட்டியில் துடைக்கப் போனார்.

"துடைக்காதீங்க அண்ணாச்சி," என்றார் சுவாமிகள். "அது உங்களுக்கு."

அந்த மரவை இன்றும் மடத்தில் ஒரு முக்காலியின் மேல் இருக்கிறது. வருகிறவர்கள் பக்கத்தில் நிற்பவருக்குப் பூசிவிட்டுப் போகிறார்கள்.