ஆயிரத்தொன்பது அகல்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் பொன்னுரங்கம். அவனும் நானும் ஒரே மடத்துச் சீடர்கள்.

கார்த்திகைக்கு மடத்து முற்றத்தில் ஆயிரத்தெட்டு அகல் வைப்போம். சமமான வரிசைகளாக நிற்க வேண்டும். எண்ணெய் ஊற்றிய அகலை ஒதுக்கக் கூடாது.

ஆறு வருடம் அந்த வேலை அவனிடம் இருந்தது. ஏழாவது வருடம் குரு எனக்குக் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் அடுக்காவிட்டால் மறுபடி அவனுக்கே போய்விடும்.

எல்லா அகலுக்கும் எண்ணெய் ஊற்றிவிட்டு அடுக்க ஆரம்பித்தேன்.

ஏழு வரிசை வைத்தேன். ஒன்று மிஞ்சியது. எட்டு வரிசை. ஒன்று மிஞ்சியது. ஐந்து வரிசையில் நான்கு. பதினொன்றில் எட்டு.

பொன்னுரங்கம் தூணில் சாய்ந்து பொரி கொறித்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, அகல் குட்டி போடுதா?"

குரு வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"சாமி, எப்படி வச்சாலும் சரிவர மாட்டேங்குது. என் கை ராசியில்லாத கை."

"எத்தனை இருக்கு?"

"ஆயிரத்தெட்டு."

"எண்ணினீங்களா?"

"ஆயிரத்தெட்டை யாராவது எண்ணுவாங்களா சாமி?"

பொன்னுரங்கத்துக்குப் புரையேறியது.

எண்ணினேன். ஆயிரத்தொன்பது.

"இவன் வேலை சாமி. நான் எண்ணெய் ஊத்துறதுக்கு முன்னாலயே ஒண்ணு கூடச் சேர்த்திருக்கான்."

குரு அவனைப் பார்க்கவில்லை. அகல்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஆயிரத்தெட்டு முப்பது விதமாப் பிரியும். யார் கேட்டாலும் பங்கு கொடுத்துடும். இது யாருக்கும் பிரிஞ்சு கொடுக்காது. பகா எண்ணும்பாங்க."

"அப்ப வரிசை?"

மிஞ்சிய அகலை என் கையிலிருந்து வாங்கி வாசற்படியில் வைத்தார். அதையொட்டி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அப்படியே தெருவில் இறங்கினார்.

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

ஒரே வரிசை. தெரு முழுக்க, குளக்கரையைச் சுற்றி, சந்தைத் திடல் வரைக்கும். ஊர்க்காரர்கள் மாடுகளை அவிழ்த்து வேறு பக்கம் கட்டினார்கள். கட்டில்களை உள்ளே இழுத்தார்கள். ஒரு அகல்கூட மிஞ்சவில்லை. மேற்கே இன்னும் வெயில் இருந்தது.

"ஏத்துறதுக்கு ஒரு ஆள் பத்தாது" என்றார் குரு.

வாசலிலிருந்து நான் ஏற்றினேன். திடலிலிருந்து பொன்னுரங்கம். பிள்ளைகள் இரண்டு பக்கமும் எண்ணிக் கத்திக்கொண்டே வந்தார்கள்.

குளக்கரையில் சந்தித்தோம். நான் ஐந்நூற்று நான்கு. அவன் ஐந்நூற்று நான்கு. நடுவில் ஏற்றாத அகல் ஒன்று.

"கூட வச்சது நான்தான்னு சொல்லு. அப்புறம் ஏத்தலாம்."

"நல்லாத்தானேண்ணே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. சொல்லு."

அவன் சிரித்தான். எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேர் திரியும் ஒன்றாக அதைத் தொட்டன.

பதினொரு கார்த்திகை ஆயிற்று. எல்லா வருடமும் ஆயிரத்தொன்பதுதான்.

அவன் இன்னும் சொல்லவில்லை.