ஏழு தடவை திரும்பி வந்த பெயர்

முன்னொரு காலத்தில் குமிழி நாட்டை மாறவேள் என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்பது பேச்சுக்குத்தான். ஆறு வயது மகள் வேணி விஷக்காய்ச்சலில் போன பிறகு அவன் ஆண்டது ஒரே ஒரு மண்டபத்தை. மகள் நினைவாகக் கட்டியது. தூண், தரை, கூரை எல்லாம் வழுவழுவென்று கருங்கல். ஊர் ஜனங்கள் உள்ளே காலை வைக்கக்கூடாது என்று உத்தரவு. தினமும் நடுவில் நின்று "வேணி" என்று கூப்பிடுவான். கல் ஏழு தடவை திருப்பிச் சொல்லும். அதைக் கேட்ட பிறகுதான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும்.

மகள் போய் வருஷம் திரும்பிய நாளில் நாகஸ்வரக்காரன் பக்கிரியை வரச்சொன்னான். முன்பு ஒரு தேரோட்டத்தில் பக்கிரி வாசித்த நீலாம்பரி ராகத்தைக் கேட்டுத்தான் வேணி அப்பாவின் தோளிலேயே தூங்கிப்போனாள். அதே வாசிப்பு வேண்டுமாம்.

பக்கிரி வாசித்தான். அவன் மனைவி செங்கமலம் வாசலில் காவல்காரன் பக்கத்தில் நின்று கேட்டாள். இருபது வருஷமாகக் கேட்ட வாசிப்பு, அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு ஸ்வரம் அடங்குமுன் அடுத்தது அதன் தலையில் விழுந்து, அதன் தலையில் இன்னொன்று விழுந்து, எல்லாம் கூழாகிவிட்டது.

"இது அது இல்லை" என்றான் ராஜா.

அவைப்புலவர் வாகீசர் காத்துக்கொண்டிருந்தார். ஏட்டைப் பார்த்து மண்டபத்துக்கு அளவு சொன்னவர் அவர்தான். ராஜா வேறு யாரையாவது பாராட்டிவிட்டால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் போச்சு.

"மன்னா, நாகஸ்வரத்தின் வாயில் செருகும் நாணல் சீவாளியை இவன் மெல்லிசாகச் சீவுகிறானாம், கஞ்சியில் புதுமாதிரி வேகவைக்கிறானாம். பாட்டன் செய்யாத வேலை. பரம்பரையைக் கெடுத்தவனிடம் நீலாம்பரி எப்படி நிற்கும்?"

"எட்டு நாள்" என்றான் ராஜா. "இதே இடத்தில் அன்றைக்குக் கேட்டது எனக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் உன் கையில் விரல் இருக்காது."

பக்கிரி வீட்டில் உட்கார்ந்து சீவாளி மேல் சீவாளியாகச் சீவினான். எதை மாற்றியும் அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. ஆறாம் நாள் செங்கமலம் பொறுமையிழந்தாள். அண்ணன் ஊருக்கு ஓடிவிடுவதென்று முடிவு. பாய், தலையணை, நெல் மூட்டை எல்லாம் வண்டியேறின. காலி வீட்டில் நின்று கத்தினாள்.

"அந்தக் கத்தியைக் கீழே போடுங்க. வண்டிக்காரன் நிக்கிறான்."

"ஏன்டி, ரெண்டு பேரா திட்டுற மாதிரி இருக்கு?" என்றான் பக்கிரி, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

செங்கமலம் வாயை மூடினாள். அது அவ்வளவு சுலபமாக நடக்கிற காரியமில்லை. கையைத் தட்டிப் பார்த்தாள். சுவர் திருப்பித் தட்டியது. ஓடிப்போய்ப் பாயையும் மூட்டைகளையும் உள்ளே போட்டாள். மறுபடி தட்டினாள். சத்தம் பொத்தென்று செத்தது.

"வண்டியைப் போகச் சொல்லுங்க" என்றாள்.

எட்டாம் நாள் அவள்தான் முன்னால் போய் நின்றாள்.

"மகாராஜா, அன்னைக்கு இருந்தது ஒண்ணு இங்கே இல்லை. எடுத்துக்க உத்தரவு கொடுக்கணும்."

"எங்கேயிருந்து, கஜானாவிலிருந்தா?" என்றார் வாகீசர்.

"உங்க வீட்டிலேருந்து இல்லீங்க, பயப்படாதீங்க."

"எடுத்துக்கொள். வாக்குக் கொடுத்தேன்" என்றான் ராஜா.

அவள் ஒரு தடவை கை தட்டினாள். கல் ஏழு தடவை தட்டியது. பிறகு வாசலைப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் சொல்லிக் கூட்டி வைத்திருந்த ஊரே உள்ளே வந்தது. மீன் விற்கிறவள், சுண்ணாம்புச் சூளைக்காரன், கைக்குழந்தைக்காரிகள், கம்பளி போர்த்திய கிழவர்கள். காய்ச்சல் எந்த வீட்டையும் விட்டுவைத்திருக்கவில்லை. யாரும் பேசாமல் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

ராஜாவின் முகம் கறுத்தது. வாகீசர் துள்ளி எழுந்தார். "இப்படி எந்த ஏட்டிலும் இல்லை."

"ஏடு எழுதினவர் அளவை எழுதிட்டார். மண்டபம்னா அதுல மனுஷங்க உட்காருவாங்கன்னு தனியா எழுதணும்னு அவருக்குத் தோணியிருக்காது, பாவம்" என்றாள் செங்கமலம். மறுபடி கை தட்டினாள். ஒரே ஒரு சத்தம், அதுவும் உடனே அடங்கியது. "உடம்பும் துணியும் சத்தத்தைக் குடிச்சிடும். கல்லு துப்பிடும். அவ்வளவுதான் மகாராஜா."

பக்கிரி தெருவுக்கென்று செய்த பழைய தடிச் சீவாளியை எடுத்தான். கூரைக்கு அடியில் அது காதைக் கிழிக்கும். அதை வைத்துவிட்டு, மெல்லிசாகச் சீவியதைச் செருகினான்.

"பாட்டு என் பாட்டனோடது. இது நான் சீவினது" என்றான் வாகீசரிடம்.

நீலாம்பரி வந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, அன்றைக்கு வந்தது போலவே. மீன்காரி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள்.

ராஜா எழுந்தான். வழக்கம்போல் "வேணி" என்று கூப்பிட்டான்.

திரும்பி வரவில்லை. உரக்கக் கூப்பிட்டான். அப்போதும் வரவில்லை.

"அவளை என்ன செய்தாய்?" என்றான் செங்கமலத்திடம். வாகீசர் மெல்லச் சிரித்தார்.

 செங்கமலத்துக்குப் புருஷனின் பத்து விரலும் கண்முன் வந்தன. ஆனாலும் சொன்னாள்.

"இத்தனை நாளும் திரும்பி வந்தது உங்க குரல்தான், மகாராஜா. குழந்தை இல்லை."

 ராஜா கூட்டத்தைப் பார்த்தான். மீன்காரியிடம் வந்து, "உனக்குப் போனது யார்?" என்றான்.

"ரெண்டு பசங்க, சாமி."

"பேர்?"

சொன்னாள். கல் அந்தப் பெயர்களைத் திருப்பிச் சொல்லவில்லை. ராஜா அவள் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தான்.

"பக்கிரி, இன்னொரு தரம் வாசி."

அன்றோடு மண்டபக் கதவு ஊருக்குத் திறந்தது. பக்கிரிக்கு ஆற்றோரத்தில் நிலம் கிடைத்தது, நாணல் விளைகிற நிலமாகப் பார்த்துச் செங்கமலமே கேட்டு வாங்கினாள். வாகீசருக்கும் ஒரு தண்டனை உண்டு. தினமும் ஜனங்கள் வருமுன், அந்தக் காலி மண்டபத்தில் தன் செய்யுளைத் தானே பாடித் தானே கேட்க வேண்டும். மூன்றாம் நாளே காதில் பஞ்சோடு வந்து காலில் விழுந்தார்.

வாசித்த அன்று எல்லாரும் போன பிறகு, மறந்துவிட்ட தடிச் சீவாளியை எடுக்கச் செங்கமலம் திரும்பி வந்தாள். காலி மண்டபத்தின் நடுவில் ராஜா தனியாக நின்றான். கூப்பிட வாயைத் திறந்தான்.  பிறகு மூடிக்கொண்டான்.

அவள் சீவாளியை எடுக்காமலே வந்துவிட்டாள்.